ஏற்காட்டில் எது புகழுக்குரியது?

திருநெல்வேலி என்றால் அல்வா, திருவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, மணப்பாறை என்றால் முறுக்கு, ஆம்பூர் என்றால் பிரியாணி என்று ஊர்ப்பெயரையும் பண்டத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய தமிழ்நாட்டில், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றடையும் ஏற்காட்டுக்கு மட்டும் அப்படிச் சொல்ல ஒரு பண்டம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இம்மலையில் காபியும் மிளகும் பலாவும் விளைகின்றன. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு உண்டு வந்திருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், மலை ஏறி வருபவர் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் விடுதியில் புரோட்டாவும் ஃபிரைடு ரைசும் உண்டு இறங்கிவிடுகிறார் என்றால், ஒரு ஊரின் உணவுக்குப் புகழ் எப்படி வந்து சேர்கிறது, அப்படி வந்த புகழ் தகுதியைப் பார்த்து வந்ததா என்னும் கேள்விகளை ஆராய இம்மலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

உணவுக்கடையின் புகழைப் பற்றிப் பேசும்போது பொருளியலாளர்கள் 'தகவல் சமனின்மை' என்று குறிப்பிடும் நிலையை நினைவில் கொள்வது பயனுள்ளது. விற்பவருக்குத் தம் பொருளின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலைக்கே அப்பெயர். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை, இந்நிலை நீடித்தால் மட்டமான சரக்கே சந்தையில் தங்கும் என்று காட்டியது. அவ்வாய்வுக்காக 2001இல் அவர் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உணவில் இந்தச் சமனின்மையைத் தீர்க்கும் வழி மிக எளிது: ஒருவர் ஒரு முறை உண்டு, பிடித்திருந்தால் மறுபடியும் வருகிறார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார். ஆகவே திரும்பி வரும் வாடிக்கையாளர் உள்ள இடத்தில் புகழ் பெரும்பாலும் உழைத்துச் சேர்த்ததாக இருக்கும். ஒருமுறை வந்து போகிறவர்களை நம்பி நடக்கும் இடத்திலோ, புகழுக்குக் காரணம் பெயர்ப்பலகையாகவோ இயற்கைக் காட்சியாகவோ வண்டி நிறுத்த இடம் இருப்பதாகவோ இருந்துவிடலாம்.

இதற்கு மலையடிவாரத்திலேயே நல்ல சான்று உண்டு. சேலம் நகரின் 'தட்டுவடை செட்' இன்று கோவை, சென்னை, பெங்களூரு வரை பரவியிருந்தாலும், அதன் பிறப்பிடமும் உயர்தரமும் சேலத்துத் தெருக்களில்தான் இருக்கின்றன. அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்த்துப் பிசைந்து, கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் இட்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவில் தட்டிப் பொரித்த தட்டுவடை ஒன்றின்மேல் புதினா மல்லிப் பச்சைச் சட்னியையும் பூண்டு மணக்கும் சிவப்புக் காரச் சட்னியையும் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கலந்த கலவையைக் குவித்து, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அழுத்தித் தருவதே செட். தட்டுவடைகளை நொறுக்கிப் போட்டு அதே கலவையோடு பிசைந்தால் 'நொறுக்கல்'. தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். வேகவைத்த முட்டையை நடுவில் வைத்தால் முட்டை செட்.

இப்பண்டத்தின் தரத்தைக் காப்பது ஒரு சிறிய உண்மை: துருவிய பீட்ரூட்டின் ஈரம் சில நிமிடங்களில் தட்டுவடையை நமத்துப்போகச் செய்துவிடும். எனவே இதை முன்கூட்டிச் செய்து அடுக்கி வைக்கவும் முடியாது, பொட்டலம் கட்டித் தொலைவுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. கேட்டவர் கண்ணெதிரே கடைக்காரர் சேர்த்துத் தர, வாங்கியவர் நின்ற இடத்திலேயே வாயில் போட்டு முடிக்க வேண்டும். தட்டுவடை பழையதானாலும் எண்ணெய் காறினாலும் சட்னி புளித்தாலும் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். மசாலாவையோ குழம்பையோ ஊற்றி மறைக்க இடமில்லை. அத்துடன் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் நெசவாளரும் வெள்ளிக் கொலுசுத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் மாலைதோறும் அதே முனைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் அடுத்த நாள் கூட்டம் எதிர்ச்சாரிக்குப் போய்விடும். சேலத்தில் தட்டுவடை செட்டுக்கு 'இதுதான் பெயர்பெற்ற கடை' என்று அனைவரும் ஒப்பும் ஒரே கடை இல்லை. ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் தெருமுனைக் கடையையே மெச்சுகிறார்கள். புகழ் கடைக்கு உரியதாகாமல் பண்டத்துக்கு உரியதாக நிற்பது அதனால்தான், அதன் தரம் குலையாததற்கும் அதுவே காரணம். சேலத்து உணவுகளில் தன் புகழுக்கு முழுத் தகுதி உடையது எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

புகழ் ஒரே பெயரில் குவிந்துவிட்ட இடங்களில் நிலைமை வேறு. 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்று, பின்னாளில் பல நகரங்களில் கிளை விரித்தபோது, அதே ஒலிப்பில் பெயர் வைத்துக்கொண்ட கடைகளோடு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. வழக்கு பெயர்ப்பலகையைப் பற்றியது. சீரகச் சம்பா அரிசி பதமாக வெந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்து இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள பள்ளிபாளையத்தின் கோழிக்கறிக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், எண்ணெய், உப்பு ஆகியவற்றுக்கு அப்பால் எதையும் வேண்டாத வறுவல் அது. மசாலாப் பொடியே சேராததால் கோழியின் சுவைதான் எல்லாம். பிராய்லர் கோழியைக் கொண்டு, நிறப்பொடியும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்து நெடுஞ்சாலை உணவகங்கள் அதே பெயரில் பரிமாறும் கறியை உண்டவர், பள்ளிபாளையத்தின் பெயருக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏற்காட்டு உணவகங்களை இந்த அளவுகோலால் அளக்கும்போது, அவை அடைந்திருக்கும் சிறு புகழும் பெரும்பாலும் இடத்துக்கு உரியது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையிலும் படகு இல்லத்துக்கு எதிரிலும் விற்கும் மிளகாய் பஜ்ஜியில் ஏற்காட்டுக்கே உரிய பொருள் எதுவும் இல்லை. முக்கால் வேக்காட்டில் எடுத்துக் குவித்து வைத்து, ஆள் வந்ததும் மறுபடி எண்ணெயில் இட்டுத் தரும் முறை மெரினாவிலும் உண்டு, ஒகேனக்கல்லிலும் உண்டு. பனி மூடிய மாலையில், குளிரில் நடுங்கும் கையில் வாங்கிய சூடான பஜ்ஜி தேவாமிர்தமாகத் தோன்றுவது உண்மைதான். அதற்கான பாராட்டில் பெரும்பங்கு பனிக்கே போய்ச் சேர வேண்டும். விடுதி உணவகங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கோடை விடுமுறையிலும் வார இறுதியிலும் தாங்க முடியாத கூட்டம், மற்ற நாட்களில் காலியான மேசைகள். வருபவர்களோ மறு ஆண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள். இப்படிப்பட்ட இடத்தில், எல்லா ஊராருக்கும் தெரிந்த, யாரும் குறை சொல்லாத உணவுப் பட்டியலைக் கடைக்காரர் தேர்ந்துகொள்வது குற்றமாகாது. உலகப் புகழ்பெற்ற மிச்செலின் உணவக வழிகாட்டியே, பிரான்சில் ஒரு டயர் நிறுவனம் மக்களைக் கார் ஓட்டிச் செல்லத் தூண்டும் நோக்கில் 1900இல் தொடங்கியதுதான். ஆனால் அது நட்சத்திரம் வழங்கத் தொடங்கியபின், தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாத ஆய்வாளர்கள் உண்டு பார்த்து மதிப்பிடும் முறையைக் கைக்கொண்டது. திரும்பி வராத பயணியின் இடத்தில், திரும்பி வரும் ஆய்வாளரை அது நிறுத்தியது. ஏற்காட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

மலைக்கே உரியது என்ற பெயரோடு அண்மைக் காலத்தில் புகழ் பெற்றது ஒன்று உண்டென்றால் அது முடவாட்டுக்கால் கிழங்குச் சூப். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சாலையோரம் குவித்து வைத்து விற்கும் இது, பெயரில் கிழங்காக இருந்தாலும், பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணிச் செடியின் தண்டு. அதன்மேல் ஆட்டின் காலைப் போலப் பழுப்பு மயிர் அடர்ந்திருப்பதால் ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வார்கள். மயிரைச் சுரண்டி எடுத்து, தண்டை நறுக்கி, சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சூப். முடக்குவாதமும் மூட்டுவலியும் தீரும் என்ற நம்பிக்கையில் கார்களை நிறுத்தி அருந்துகிறார்கள், ஊருக்கும் வாங்கிச் செல்கிறார்கள். நாக்கைக் கேட்டால், அந்தக் கோப்பையில் பேசுவது மிளகும் சீரகமும்தான். மூட்டுவலி தீருமா என்பதை மருத்துவ ஆய்வு சொல்ல வேண்டுமே தவிர, சாலையோரப் பலகை சொல்வது போதாது. மலைமக்களின் மருத்துவ அறிவு ஆராய்ச்சிக்குரியது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் பயிரிடாமல் காட்டிலிருந்து பறித்தெடுக்கும் ஒரு செடி வண்டி வண்டியாக விலைபோகும்போது, பாறையில் அது மீண்டும் படர எடுக்கும் காலத்தை யாரும் கணக்கில் கொள்வதில்லை. தகுதிக்கு மிஞ்சிய புகழ் என்று இம்மலையில் எதையேனும் சுட்ட வேண்டுமானால் இதைச் சுட்டலாம்.

தகுதி இருந்தும் புகழ் பெறாதது காபி. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன், ஏற்காட்டில் கிரேஞ்ச் என்னும் தோட்டத்தில் காபியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் நட்டு வளர்த்ததிலிருந்து கணக்கிட்டால், ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் காபிக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. இங்கே விளைவதில் பெரும்பகுதி அராபிகா, அதாவது உயரமான மலைகளில் நிழலில் வளர்ந்து, கசப்பு குறைந்தும் நறுமணம் மிகுந்தும் இருக்கும் வகை. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடியும், அம்மரங்களின்மேல் மிளகுக் கொடியுமாகத் தோட்டங்கள் இருக்கின்றன. கோடை மழையில் பூத்து, ஆண்டு இறுதியில் பழுக்கத் தொடங்கும் பழங்களைப் பறித்து, தோலை எந்திரத்தில் உரித்து, நொதிக்க வைத்துக் கழுவி உலர்த்தினால் கிடைப்பதைத் தோட்டக்காரர்கள் பார்ச்மென்ட் என்பார்கள். பழத்தோடு அப்படியே உலர்த்தினால் செர்ரி. பெருந்தோட்டங்கள் மட்டுமல்லாமல், வாழவந்தி, நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளின் சிற்றூர்களில் சிறு நிலம் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பங்களும் காபி பயிரிடுகின்றன.

இவ்வளவு பழமையான காபிக்கு ஏன் பெயர் இல்லை என்பதற்கு விடை சமையற்கட்டில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதி முடங்கி விலை வீழ்ந்தபோது காபித் தொழிலைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கைகளின் தொடர்ச்சியாக, 1942ஆம் ஆண்டின் காபிச் சட்டம் வந்தது. அதன்படி விவசாயி தம் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து, ஏலம் விட்டு, பணத்தைத் தவணைகளில் அனுப்பும். விவசாயிக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் குடகின் காபியும் பழனி மலையின் காபியும் சேர்வராயன் காபியும் ஒரே தொகுப்பில் கலந்தபின், எந்த மலையின் காபி என்று கேட்டு வாங்கும் வழக்கம் தோன்ற இடமே இல்லாமல் போயிற்று. 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விவசாயிகள் முழு விளைச்சலையும் தாமே விற்றுக்கொள்ளும் உரிமை கிடைக்கும்வரை இந்நிலை நீடித்தது. ஒரு பெயர் ஊன்றிக்கொள்ள வேண்டிய அரை நூற்றாண்டு அப்படியே கழிந்தது.

மிச்சத்தைச் சிக்கரி செய்தது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்ததே சிக்கரி. டிகாக்ஷனுக்குக் கருமையும் கொழகொழப்பும் தருவது அது, மணம் தருவது காபி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி, சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது சட்டத்துக்கு உட்பட்டே பொட்டலத்தில் ஏறத்தாழ பாதி சிக்கரியாக இருக்கலாம், அந்த விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் தம்ளரில் ஊற்றித் தரும் காபிக்கு அப்படியோர் அறிவிப்புப் பலகை வைக்கும் வழக்கம் இல்லை. ஏற்காட்டில் தோட்டத்துக் காபித்தூளைப் பொட்டலம் கட்டி விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒண்டிக்கடைச் சந்திப்பில் நின்று ஒரு காபி கேட்பவருக்குக் கிடைப்பது எந்த மலையின் கொட்டை என்று சொல்லக்கூடிய கடை அரிது. காபித் தோட்டங்களின் நடுவே அமர்ந்து ஊர்பேர் தெரியாத தூளில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஏற்காட்டுக் காபி சுமார்தான் என்று தீர்ப்புச் சொல்லிப் போகிறவர் ஏற்காட்டுக் காபியைக் குடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதே காலத்தில் பிற மலைகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டாகப் பயிரிடும் காபி, 2017இல் பாரிசில் தனிக்கடை திறக்கும் அளவுக்குப் பெயர் பெற்றது. 2019இல் குடகு அராபிகா, சிக்கமகளூரு அராபிகா, பாபாபூதன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்கு அராபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறிப்பிட்ட நிலப்பகுதியில் விளைவதால் அல்லது செய்யப்படுவதால் தனித்தன்மை பெறும் பொருளின் பெயரை, அப்பகுதிக்கு வெளியே உள்ளவர் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட உரிமையே புவிசார் குறியீடு. 1999இல் இயற்றிய சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது, அதன் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. காபி வாரியம் தனித்தன்மை உடையவை என்று பட்டியலிட்டிருக்கும் வட்டாரக் காபிகளில் சேர்வராயனும் ஒன்று. ஆயினும் 2019இல் குறியீடு பெற்ற அந்த ஐந்தில் அது இடம்பெறவில்லை.

குறியீட்டையே சர்வரோக நிவாரணியாகக் கொள்வதற்கும் இல்லை. அது பெயரைக் காக்குமே தவிர சுவைக்கு மதிப்பெண் இடாது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் குறியீடு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வரும் சரக்கு நின்றுபோனதால் 1940களில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கே செய்யத் தொடங்கி, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாகும் அளவுக்கு வளர்ந்த தொழில் அது. அந்த ஜவ்வரிசியை மதித்து உண்பவர்கள் மகாராட்டிரத்தில் நோன்பு நாளில் கிச்சடியும் வடையும் செய்பவர்களே. சேலத்து உணவகங்களில் அதைக் கொண்டு பெயர் சொல்லும்படி ஒரு பண்டம் கிடையாது. சேலம் மாம்பழத்தின் கதை வேறுவிதம். மல்கோவாவும் இமாம்பசந்தும் குண்டும் சேலத்தின் பெயரில் விற்றாலும், தமிழ்நாட்டில் மா பெருமளவில் விளைவது இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை அந்நிலமும் சேலம் மாவட்டமாகவே இருந்ததால், பெயரில் பொய் இல்லை. மாவட்டக் கோடு மாறியதை மாங்கடைக்காரர் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

பண்டத்தின் புகழ் விளைநிலத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் தமிழ்நாட்டில் சான்று உண்டு. பழனிப் பஞ்சாமிர்தம் விருப்பாட்சி மலைவாழைப்பழத்தைக் கொண்டு செய்வது. நோய் தாக்கிப் பெருமளவு அழிந்த அந்த மலைவாழைக்கு 2008இலும், பஞ்சாமிர்தத்துக்கு 2019இலும் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கு வருபவர் பஞ்சாமிர்தம் கேட்கும்வரை மலையில் அந்த வாழைக்கு ஒரு தேவை இருக்கும். சேர்வராயன் மலையில் இப்படி விளைச்சலையும் தட்டையும் இணைக்கும் கயிறு அறுந்து கிடக்கிறது. சாமையை எடுத்துக்கொண்டால், அதன் உமி கடினமானது. உரலில் பலமுறை குத்திப் புடைத்தால்தான் சோறாக்க முடியும் என்பதால், பெண்களின் முதுகெலும்பை ஒடிக்கும் அவ்வேலையிலிருந்து ரேஷன் அரிசி விடுதலை தந்ததை யாரும் பழிக்க இயலாது. 2011 முதல் தமிழக அரசு அரிசியை விலையில்லாமல் வழங்கியபின் சாமையின் தேவை மேலும் சுருங்கியது. பக்கத்துக் கொல்லிமலையில் சாமை விளைந்த நிலத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து சிறுதானியங்களை மீட்க முயன்றதிலிருந்து கற்க வேண்டியது, சாமையைப் போற்றிப் பேசுவதைவிட அதைக் குத்தித் தரும் எந்திரம் முக்கியம் என்பதே. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் கீரையும் மலையாளி வீடுகளில் இன்றும் சமைக்கத் தெரிந்த உணவுகள். விடுதிகள் அவற்றை வாரத்துக்கு இரண்டு நாளாவது, மலைக் குடும்பங்களிடமே தானியம் வாங்கி, அவர்களையே சமைக்க அமர்த்திப் பரிமாறலாம். அவை சுற்றுலாப் பயணிக்குச் சில வேளை பிடிக்காமலும் போகலாம். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதே நகரத்தாருக்குப் பெரும்பாலும் தெரியாது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏற்காட்டில் நடக்கும் கோடை விழாவில், மலர்க் காட்சிக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே, சிக்கரி கலவாத சேர்வராயன் காபியைக் கண்ணெதிரே வடித்துத் தரும் அரங்கு ஒன்றை அமைப்பது தோட்டக்கலைத் துறைக்கும் காபி வாரியத்துக்கும் பெருஞ்செலவாகாது. உணவகங்கள் தம் காபியின் மலையையும் சிக்கரியின் விகிதத்தையும் விலைப்பட்டியலின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். அதுவரை, ஏற்காட்டுக்குச் செல்பவர் காபி கேட்கும்போது கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும்: இது எந்த மலைக் கொட்டை, இதில் சிக்கரி எவ்வளவு?